அம்மாவை ஹோம்ல சேர்க்குறதுக்கு முன்னாடி, ஜெனரேட்டர் எங்க இருக்குன்னு கேளுங்க



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டாக்ஸும் இல்ல. வருங்காலத்துல உங்க சம்பளத்துல இருந்து மாசாமாசம் 30,000, 40,000 ரூபாய் போகக்கூடிய ஒரு செலவைப் பத்திப் பேசப்போறோம். உங்களுக்கு இப்போ 28 வயசுன்னா, ‘இது எனக்கான பதிவு இல்ல’ன்னு தோணும். அப்பாவுக்கு 62, அம்மாவுக்கு 58, ரெண்டு பேரும் நல்லா நடமாடிக்கிட்டு இருக்காங்க. சந்தோஷம். ஆனா தாத்தா, பாட்டி விஷயத்துல உங்க வீட்லயே இந்தப் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கலாம். 2021-ல தமிழ்நாட்டு மக்கள்தொகையில 60 வயசைத் தாண்டினவங்க சுமார் 13.6 சதவீதம். 2031-ல இது 18 சதவீதத்தைத் தாண்டும்னு மத்திய அரசோட கணிப்பு சொல்லுது. அதனால படிச்சு வைங்க.

போன மாசம், என்கூட வேலை பார்த்த ஒரு தோழிக்காக ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு முதியோர் இல்லம் பார்க்கப் போனோம். அவங்க அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் சரியா வேலை செய்யாது. தோழிக்கு ஓ.எம்.ஆர்ல வேலை, தம்பி பெங்களூர்ல. அம்மா பொறந்து வளர்ந்ததெல்லாம் மந்தைவெளி, அதனால பக்கத்துலயே இருந்தா நல்லா இருக்கும்னு ஆசை.

இடம் நல்லா இருந்தது. மேனேஜர் பொறுமையா பேசினார். காலையில இட்லி, மத்தியானம் ரசம் சாதம், வாரம் ஒரு நாள் பிசியோதெரபி, ஏகாதசிக்குப் பலகாரம் வரைக்கும் சொன்னார். தோழி டெபாசிட் எவ்வளவு, எப்போ திருப்பித் தருவீங்கன்னு எல்லாம் கரெக்டா கேட்டாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “கரன்ட் போனா என்ன சார் பண்ணுவீங்க?”

“ஜெனரேட்டர் இருக்கு சார்” அப்படின்னு காட்டினார். கார் நிறுத்துற இடத்துல, தரையில இருந்து அரை அடி உயரத்துல இருந்தது. “2015-ல இங்க தண்ணி எவ்வளவு வந்துச்சு?”ன்னு கேட்டேன். “நாங்க 2019-ல தான் சார் ஆரம்பிச்சோம்”னார். அவர் மேல தப்பு இல்ல, அவருக்கு உண்மையிலேயே தெரியல.

வெளிய வந்து, தெருமுனையில இஸ்திரி போடுற ஐயாகிட்ட கேட்டோம். 30 வருஷமா அதே மரத்தடியில வண்டி வச்சிருக்கார். கரிப்பெட்டியைக் கீழ வச்சுட்டு, எதிர் வீட்டு காம்பவுண்ட் சுவத்துல கையை வச்சுக் காட்டினார். “இதுவரைக்கும் வந்துச்சும்மா.” அவர் இடுப்பு உயரம்.

அரை அடி மேடையில ஒரு ஜெனரேட்டர். தரைத்தளத்துல எழுந்து நடக்க முடியாத எட்டுப் பேர். என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன்: மாசக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் மட்டும் பார்த்து ஹோம் தேர்ந்தெடுக்குறது, பிரீமியத்தை மட்டும் பார்த்து இன்ஷூரன்ஸ் எடுக்குற மாதிரி. க்ளெய்ம் வர்ற அன்னைக்குத்தான் என்ன வாங்கினோம்னே தெரியும். பேரிடருக்கான தயார்நிலைக்குக் காசு கொடுக்க நாம தயாரா இருக்கணும். கொடுக்குற காசுக்கு அது இருக்கான்னு நாமதான் கேட்கணும்.

இந்த ஏரியாவோட அமைப்பைப் பாருங்க

ஆர்.ஏ.புரத்துக்குத் தெற்கே அடையாறு ஆறும் அதோட கழிமுகமும். மேற்கே பறக்கும் ரயில் பாதையை ஒட்டி பக்கிங்காம் கால்வாய். கிழக்கே பட்டினப்பாக்கம் தாண்டினா கடல். 2004 டிசம்பர் 26 சுனாமி பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் தாக்கினது ஞாபகம் இருக்கும். சென்னையிலயே ரொம்ப விலை உயர்ந்த ஏரியா இது, ஆனா தண்ணி பத்திரப்பதிவு மதிப்பைப் பார்த்து வர்றதில்ல.

2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ மழை. செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்து விடப்பட்டது. அடையாறு கரை தாண்டி, கோட்டூர்புரத்துல வீடுகள் மூழ்கிச்சு. இதை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர்னு சி.ஏ.ஜி அறிக்கையே பின்னாடி சொன்னது. யார் தப்புங்கிறதை விட்டுடுவோம். ஹோம்ல இருக்குற ஒரு அம்மாவோட பார்வையில இருந்து அந்த ரெண்டு மூணு நாளைப் பாருங்க.

சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம் ரெண்டுலயும் போக்குவரத்து நின்னுபோச்சு. நீங்க ஓ.எம்.ஆர்லயோ வேளச்சேரியிலயோ இருந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டீங்க. விமான நிலையம் டிசம்பர் 6 வரைக்கும் மூடியிருந்தது. ‘ஏதாவதுன்னா பெங்களூர்ல இருந்து ஃப்ளைட் பிடிச்சு வந்துடுவேன்’ங்கிற திட்டமும் காலி. செல்போன் டவர் வேலை செய்யல, நிறைய ஏ.டி.எம் வேலை செய்யல.

இன்னொரு விஷயம். டிசம்பர் 2-ம் தேதி ‘தி இந்து’ ஆங்கில நாளிதழோட சென்னைப் பதிப்பு அச்சாகல. 1878-ல பத்திரிகை தொடங்கினதுல இருந்து அதுதான் முதல் முறை. மறைமலை நகர்ல இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியல, அதுதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஆள் வர முடியலைன்னா, புறநகர்ல இருந்து ஷேர் ஆட்டோவுலயும் பஸ்லயும் வர்ற ஆயாம்மாக்கள் எப்படி வருவாங்க? நைட் ஷிஃப்ட்ல இருந்த ரெண்டு பேர்தான் அடுத்த 48 மணி நேரமும் பார்த்துக்கணும். அவங்க வீட்லயும் தண்ணி புகுந்திருக்கும். அவங்க பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு தெரியாமதான் உங்க அம்மாவுக்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருப்பாங்க.

ஜெனரேட்டர் இருந்தும் பலன் இல்லாத கதைகள்

அதே 2015 வெள்ளத்துல மணப்பாக்கம் மியாட் மருத்துவமனையில 18 நோயாளிகள் இறந்தது தேசிய செய்தியாச்சு. மின்சாரம் நின்னதுதான் காரணமா, அவங்க நோயோட தீவிரமான்னு அப்போ பெரிய வாதமே நடந்தது. ஆனா ஆத்தங்கரையில தாழ்வா இருந்த ஜெனரேட்டரை வெள்ளம் செயலிழக்க வச்சா என்ன ஆகும்ங்கிற கேள்வியை ஊரே கேட்டது அன்னைக்குத்தான். அத்தனை வசதி இருக்குற இடத்துக்கே அந்த நிலைமைன்னா, 30 பேர் இருக்குற வாடகை பங்களா ஹோமுக்கு?

அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலம், ஹாலிவுட் நகரம். 2017 செப்டம்பர்ல இர்மா புயல். அங்க ஒரு நர்சிங் ஹோம்ல ஏ.சிக்கான மின்சாரம் போயிடுச்சு. கட்டடம் இடியல, தண்ணியும் புகல. வெறும் புழுக்கம்தான். மூணு நாள்ல உள்ள சூடு ஏறி, 12 முதியவர்களோட மரணத்துக்கு அது காரணமாச்சு. தெருவுக்கு எதிர்ப்பக்கமே ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது, அங்க கரன்ட்டும் இருந்தது. இல்லத்துல ஜெனரேட்டர் இருந்தது, ஆனா அது ஏ.சியை ஓட்டுற மாதிரி இணைக்கப்படல. அடுத்த வருஷமே, 96 மணி நேரத்துக்கு உள்வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாம வச்சுக்கற அளவுக்கு மாற்று மின்சாரம் இருக்கணும்னு ஃப்ளோரிடா சட்டமே கொண்டுவந்துச்சு. இதைப் படிக்கும்போது சென்னை மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. புயல் கூட வேண்டாம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சாலே போதும்.

ஜப்பான்ல குமாமோட்டோ பகுதி, 2020 ஜூலை 4. குமா ஆறு கரை உடைச்சு, செஞ்சுவென்-ங்கிற முதியோர் இல்லத்துல 14 பேர் இறந்தாங்க. அந்த இல்லம் ஒத்திகையெல்லாம் நடத்தி வந்த இடம்தான். ஊர்க்காரங்களும் ஓடி வந்து, வீல்சேர்ல இருந்தவங்களைப் படி வழியா மேல தூக்கினாங்க. தண்ணி அவங்களை விட வேகமா ஏறிடுச்சு. 2021-ல ஜப்பான் அரசு, எல்லா முதியோர் பராமரிப்பு நிறுவனங்களும் பேரிடர்ல எப்படிச் சேவையைத் தொடரப்போறோம்னு எழுத்துல திட்டம் வச்சிருக்கணும்னு விதி கொண்டுவந்தது. மூணு வருஷ அவகாசம் கொடுத்து, 2024 ஏப்ரல்ல இருந்து கட்டாயமாக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல தீ. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் பாதிக்கப்பட்டவங்களை வச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் இறந்தாங்க. சங்கிலியால கட்டியிருந்ததால ஓட முடியல. ‘இப்ப யாரு சங்கிலி போடுறா’ன்னு கேட்பீங்க. ஞாபக மறதி இருக்குற பெரியவங்க ராத்திரி வெளிய போயிடக் கூடாதுன்னு கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை ஒருத்தர் இடுப்புல சொருகி வச்சிருந்தா, தீ வந்தா அதுவும் கிட்டத்தட்ட சங்கிலிதான். 2023 புத்தாண்டு அன்னைக்கு டெல்லி கிரேட்டர் கைலாஷ்ல, வசதியானவங்க வாழ்ற பகுதியில இருந்த முதியோர் இல்லத்துலயே தீப்பிடிச்சு ரெண்டு மூதாட்டிகள் இறந்தாங்க. 2024 டிசம்பர் 12 ராத்திரி திண்டுக்கல்ல ஒரு தனியார் மருத்துவமனையில தீ. இறந்த ஆறு பேரும் லிஃப்ட்டுக்குள்ள சிக்கினவங்க. அதனால யாராவது ‘லிஃப்ட் இருக்கு சார், உடனே இறக்கிடுவோம்’னு சொன்னா, அதைப் பதிலா எடுத்துக்காதீங்க.

இதுக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கணக்குப் போடுவோம்

நம்ம சேனல் ஸ்டைல்ல நம்பரைப் பார்ப்போம். இது புரியறதுக்கான உதாரணக் கணக்குதான், நிஜ விலை இடத்துக்கு இடம் மாறும்.

30 பேர் இருக்குற ஒரு ஹோம். உயரமான மேடையில ஜெனரேட்டர், ஃபேன், லைட், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டருக்குத் தனி இன்வெர்ட்டர், படியில ஆளை உட்கார வச்சு இறக்குற நாற்காலி ரெண்டு, புகை அலாரம், தீயணைப்பான்கள். எல்லாம் சேர்த்து 9 லட்சம்னு வைங்க. அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா, ஒரு ஆளுக்கு மாசம் 500 ரூபாய். டீசல், சர்வீஸ், ஒத்திகை, மழைக்காலத்துல ஊழியர்கள் அங்கேயே தங்குறதுக்கான கூடுதல் படி, இதுக்கு மாசம் 15,000-ன்னு வச்சா, ஆளுக்கு இன்னொரு 500. மொத்தம் மாசம் 1,000 ரூபாய்.

மாசக் கட்டணம் 35,000-ன்னா, இது 3 சதவீதத்துக்கும் குறைவு. நம்ம ஓ.டி.டி, ஃபுட் டெலிவரி பில்லை இதோட ஒப்பிட வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இப்ப முக்கியமான இடம். ஒரு ஹோம் 32,000 கேட்குது, இன்னொண்ணு 35,000 கேட்குது. நாம எக்செல் ஷீட் போட்டு ‘வருஷத்துக்கு 36,000 மிச்சம்’னு சந்தோஷப்படுவோம். அந்த 3,000 எங்க குறைஞ்சதுன்னு கேட்டுட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க. சாப்பாட்டுல கை வச்சா அடுத்த நாளே பெரியவங்க போன்ல சொல்லிடுவாங்க. ரூம் அழுக்கா இருந்தா நாம போகும்போது கண்ல படும். நைட் ஷிஃப்ட்ல ஒரு ஆளைக் குறைச்சாலோ, டீசல் டேங்கை காலியா வச்சிருந்தாலோ யாருக்கும் தெரியாது. அதனால செலவைக் குறைக்கணும்னா முதல்ல கை வைக்கிற இடம் அதுதான். நாம விலையை மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்தா, ஒழுங்கா ஆள் போட்டு நடத்துற ஹோமுக்குத்தான் வாடிக்கையாளர் குறையும். இதுல நமக்கும் பொறுப்பு இருக்குன்னு சொல்றேன்.

ஹோம்ல கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. ஜெனரேட்டர் எங்க இருக்கு, அது எதையெல்லாம் ஓட்டும், கையிருப்பு டீசல் எத்தனை மணி நேரம் வரும்? ‘இருக்கு’ன்னா, ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

2. ராத்திரி 2 மணிக்கு இங்க எத்தனை ஊழியர்கள் இருப்பாங்க? தானா எழுந்து நடக்க முடியாதவங்க எத்தனை பேர்? முதல் எண்ணால ரெண்டாவதை வகுத்துப் பாருங்க. ஒரு ஆளுக்கு ஏழு, எட்டுப் பேர்னா, தூக்கி மாடிக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும்னு நீங்களே யோசிங்க.

3. படுத்த படுக்கையா இருக்குறவங்க எந்தத் தளத்துல இருக்காங்க? இதுக்கு எளிய பதில் இல்ல. தரைத்தளம்னா வெள்ளத்துக்கு ஆபத்து, மாடின்னா தீக்கு ஆபத்து. இந்தச் சிக்கலை அவங்க யோசிச்சிருக்காங்களான்னு பாருங்க, அதுவே பாதி பதில்.

4. வெளிய போக எத்தனை வழி? ராத்திரி கிரில் சாவி யார்கிட்ட? ஜன்னல் கிரில்ல ஒண்ணாவது உள்ளேருந்து திறக்குமா?

5. ஒவ்வொருத்தரோட மாத்திரையும் குறைஞ்சது ஒரு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கா? மருந்துச் சீட்டு, ரத்த வகை, அலர்ஜி, நம்ம போன் நம்பர் எல்லாம் தண்ணி படாத கவர்ல, ஆளோட கிளம்பற மாதிரி இருக்கா?

6. இங்க இருக்க முடியலைன்னா எங்க மாத்துவீங்க? எந்த இடம், எந்த வண்டி? அந்த இடத்துக்காரங்க சம்மதிச்சு எழுதிக் கொடுத்திருக்காங்களா? அதுவும் அதே ஆத்தங்கரையில இருந்தா பிரயோஜனம் இல்ல.

7. எந்தக் கட்டத்துல எங்களுக்குச் சொல்லுவீங்க? வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்ததுமேவா, தண்ணி வாசலுக்கு வந்த அப்புறமா? முதல் நாளே சொன்னா, நாம வந்து கூட்டிட்டுப் போகலாம். மறுநாள் பாலமே இருக்காது.

எட்டாவது கேள்வி ஹோம்ல இல்ல, தெருவுல. இஸ்திரிக்காரர், பூக்கார அம்மா, பழைய வாட்ச்மேன், இவங்ககிட்ட ‘2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, 2023 மிக்ஜாம்ல கரன்ட் எத்தனை நாள் இல்ல’ன்னு கேளுங்க. அஞ்சு நிமிஷம், செலவு கிடையாது.

அக்ரிமென்ட்டையும் படிங்க. இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லைன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா, வேற இடத்துக்கு மாத்துற செலவு யாருது, தங்காத நாளுக்குக் கட்டணம் கழிப்பாங்களா, டெபாசிட் என்ன ஆகும்னு கேட்டு, அதையும் எழுத்துல வாங்குங்க.

இன்ஷூரன்ஸ் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க

நிறைய பேருக்கு ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. ‘அம்மாவுக்கு 10 லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி இருக்கு, ஏதாவதுன்னா அது பார்த்துக்கும்.’ பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியில எக்ஸ்க்ளூஷன் 05-ன்னு இருக்குறதைப் படிங்க. ஓய்வுக்காக, பராமரிப்புக்காகச் சேர்க்குற செலவு, குளிக்க வைக்க, உடை மாத்த, நடக்க உதவுற ஆளுக்கான செலவு, வீட்ல ஆனாலும் நர்சிங் வசதியில ஆனாலும் கவர் கிடையாது. எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்த வாசகம் இது. அதாவது ஹோம் கட்டணமும் வராது, வெள்ளத்துக்காக வேற இடத்துக்கு மாத்துற செலவும் வராது. ஆம்புலன்ஸ் தொகைகூட மருத்துவமனையில அட்மிட் ஆனாத்தான். அதுக்கும் உச்சவரம்பு உண்டு, ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில 2,000 ரூபாய்தான்.

70 வயசைத் தாண்டினவங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல, வருமான வரம்பு இல்லாம 5 லட்சம் வரைக்கும் மருத்துவமனை சிகிச்சைக்கு உதவி இருக்கு. அட்டை வாங்கி வைங்க. ஆனா அதுவும் சிகிச்சைக்குத்தான், இடம் மாத்துறதுக்கு இல்ல.

ஆக, இந்தப் பணம் உங்ககிட்டதான் இருக்கணும். உங்க ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து தனியா, ‘பெரியவங்க பேரிடர் நிதி’ன்னு ஒரு சின்னப் பானை. எவ்வளவு? ஏழு நாளைக்குக் கணக்குப் போடுவோம்.

பாதுகாப்பான இடத்துல அறை, ஒரு நாளைக்கு 4,000 வீதம்: 28,000
பகல், இரவு ரெண்டு அட்டெண்டர், ஷிஃப்டுக்கு 1,200 வீதம்: 16,800
ஆம்புலன்ஸ், போக வர: 10,000
ஒரு மாச மருந்து: 8,000
வீல்சேர், கட்டில், தேவைப்பட்டா ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வாடகை: 7,000

மொத்தம் 69,800. சுருக்கமா 70,000 ரூபாய். உங்க நிலவரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. சொந்தக்காரங்க வீடு உயரமான இடத்துல இருந்தா அறை வாடகை மிச்சம். ஆனா அவங்க வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு முன்னாடியே கேட்டு வைங்க.

மாசம் 7,000 வீதம் போட்டா பத்து மாசத்துல சேர்ந்துடும். அண்ணன், தங்கச்சி இருந்தா ஆளுக்குப் பாதி. இந்த வருஷ மழைக்குள்ள முழுசா சேராதுதான், அதனால போனஸ்லயோ கையில இருக்குறதுலயோ முதல் 30,000-ஐ இப்பவே ஒதுக்கிடுங்க.

எங்க வைக்குறது? ஷேர்ல வேண்டாம், ஈக்விட்டி எஸ்.ஐ.பி.யில வேண்டாம். சேவிங்ஸ் அக்கவுன்டோட இணைஞ்ச ஸ்வீப் எஃப்.டி நல்லது. லிக்விட் ஃபண்ட்னா, உடனடியா எடுக்குற வசதியில ஒரு நாளைக்கு 50,000 அல்லது முதலீட்டுல 90 சதவீதம், எது குறைவோ அதுதான் கிடைக்கும். மீதி அடுத்த வேலை நாள்தான். அதனால ரெண்டா பிரிச்சு வைங்க. அக்கவுன்ட்டை ஜாயின்டா, ரெண்டு பேர்ல யாரு வேணாலும் எடுக்கற மாதிரி வச்சுக்கோங்க. நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா, தம்பி அங்கிருந்து பணம் அனுப்பட்டும்.

10,000 ரூபாய் ரொக்கமா, 100, 200 நோட்டா, வீட்ல வைங்க. 2015-ல யு.பி.ஐயே கிடையாது, எல்லார் கையிலயும் கொஞ்சம் காசு இருந்தது. இப்ப பர்ஸே இல்லாம சுத்துறோம். மிக்ஜாம்ல கரன்ட் இல்ல, நெட்வொர்க் இல்ல. ஸ்கேன் பண்ணி எப்படி ஆம்புலன்ஸுக்குக் கொடுப்பீங்க?

‘இதெல்லாம் ஓவர்’னு சொல்றவங்களுக்கு

எனக்கு வழக்கமா வர்ற மூணு பதில்கள்.

‘பெத்தவங்களை ஹோம்ல விட்டதே தப்பு, இதுல ஜெனரேட்டர் ஆராய்ச்சி வேறயா?’ கமெண்ட்ல இது கண்டிப்பா வரும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல, 24 மணி நேரமும் ஆள் தேவைப்படுற ஒருத்தரைத் தனியா விட்டுட்டுப் போறதை விட ஹோம் நல்லதுன்னு முடிவெடுத்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் நம்மளைக் கேள்வி கேட்க விடாம பண்ணுது. ‘நாமளே விட்டுட்டோம், அவங்களாவது பார்த்துக்குறாங்களே’ன்னு வாயை மூடிக்குறோம். வீட்ல வச்சிருக்கவங்களுக்கும் இதே கேள்விகள் உண்டு. மூணாவது மாடி அபார்ட்மென்ட்ல, லிஃப்ட் நின்னா அப்பாவை எப்படி இறக்குவீங்க?

‘இவ்வளவு கேள்வி கேட்டா சீட் கிடைக்காது.’ நல்ல ஹோம்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு, நிஜம்தான். தனியா கேட்டா நீங்க தொல்லை பிடிச்ச ஆளு. அங்க இருக்குற குடும்பங்கள் வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்து கேட்டா, அது கோரிக்கை. ‘ஆளுக்கு மாசம் 500 கூட தர்றோம், ஜெனரேட்டரை உயரத்துல வைங்க’ன்னு 20 குடும்பம் சேர்ந்து சொன்னா, எந்த நிர்வாகமும் யோசிக்கும். அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல லிஃப்ட்டுக்கு இதைத்தானே பண்றோம்.

‘இது அரசாங்கத்தோட வேலை.’ ஒத்துக்கறேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-லயே வந்துடுச்சு. இல்லம் பதிவு செய்யப்பட்டதா, தீயணைப்புத் துறை சான்று இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. ஃப்ளோரிடா, ஜப்பான் மாதிரி இங்கயும் மாற்று மின்சாரத்துக்கும் எழுத்துப்பூர்வமான திட்டத்துக்கும் கறாரான விதி வேணும், மழைக்கு முன்னாடி செப்டம்பர்ல நேர்ல வந்து சோதிக்கணும், அந்த முடிவை வெளியிடணும்னு நானும் கேட்கறேன். ஆனா சட்டம் வர்ற வரைக்கும் வடகிழக்குப் பருவமழை காத்திருக்காது. மேலும், பணம் கொடுக்குற நாமளே கேட்காத ஒண்ணை அதிகாரி வந்து கேட்பார்னு எதிர்பார்க்குறது கொஞ்சம் அதிகம்.

தோழி என்ன முடிவு பண்ணாங்க?

அதே ஹோம்லதான் சேர்த்தாங்க. அம்மாவுக்கு அந்தத் தெரு பிடிச்சிருந்தது, மந்தைவெளி மார்க்கெட்ல இருந்து தெரிஞ்சவங்க வந்து பார்த்துட்டுப் போவாங்க. ஆனா மூணு விஷயம் பண்ணிட்டுச் சேர்த்தாங்க. மாசம் 1,500 கூடக் கொடுத்து, தரைத்தளம் வேண்டாம்னு முதல் மாடியில, படிக்குப் பக்கத்துல இருக்குற அறையைக் கேட்டு வாங்கினாங்க. கே.கே. நகர்ல இருக்குற சித்தி வீட்ல பேசி, ரெட் அலர்ட் வந்தா முதல் நாளே அம்மாவை அங்க கொண்டுபோறதுன்னு முடிவு பண்ணி, அதை மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்தாங்க. தம்பியும் அவங்களும் ஆளுக்கு 35,000-ன்னு தனி அக்கவுன்ட் தொடங்கிட்டாங்க.

ஜெனரேட்டர் இன்னும் அதே இடத்துலதான் இருக்கு. ‘பில்டிங் வாடகை சார், ஓனர்கிட்ட கேட்கணும்’னு மேனேஜர் சொல்லியிருக்கார். தோழி குடும்பங்களோட குரூப்ல பேசிக்கிட்டு இருக்காங்க, 11 பேர் சரின்னு சொல்லியிருக்காங்களாம். செலவுல கொஞ்சம் பங்கு போட்டுக்கவும் ரெடி. மழைக்குள்ள மேடை கட்டிடுவாங்களான்னு தெரியல. போன ஞாயித்துக்கிழமை போனப்போ அந்த இஸ்திரிக்கார ஐயா தோழியை அடையாளம் கண்டுபிடிச்சு, “அம்மா நல்லா இருக்காங்களா? மழை வந்தா நானும் பார்த்துக்கறேம்மா”ன்னு சொன்னாராம். அவர் நம்பரையும் சேவ் பண்ணி வச்சிருக்காங்க.

நீங்க இந்த வாரம் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுப் பெரியவங்க ஹோம்ல இருந்தா, போன் பண்ணி முதல் ரெண்டு கேள்வியையும் கேளுங்க. போன்ல இந்த நம்பர்களைச் சேவ் பண்ணுங்க: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, மின்னகம் 94987 94987. ஒரு காகிதத்துலயும் எழுதி வைங்க, போன்ல சார்ஜ் இல்லாத நாளுக்கு.

உங்களுக்குக் கிடைச்ச பதில் என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க, ஹோம் பேரைப் போட வேண்டாம். அடுத்த வீடியோவுல அக்ரிமென்ட்டை வரி வரியா எப்படிப் படிக்கறதுன்னு பார்ப்போம்.